ஸ்டேஷன் எந்தப் பக்கம்

போனின் முதுகு உப்பியிருந்தது. மேசையில் வைத்தால் சமமாக உட்காராமல் ஆடியது. கிரீஷ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தான்.

"மாமா, பேட்டரி வீங்கிப்போயிருக்கு. இதையா தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறீங்க? வெடிச்சா மூஞ்சி இருக்காது."

"ம்."

"ம்னா? மேற்குத் தாம்பரத்துல எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. ஏழு மணி வரைக்கும் தொறந்திருப்பாரு. இன்னைக்கே குடுத்துடுங்க. அக்கா போட்டோ, வீடியோ எல்லாம் நான் எப்பவோ எடுத்து வெச்சாச்சு. ஒண்ணும் போகாது."

அச்சுதன் தலையாட்டினான். போகப்போவது எது என்று மைத்துனனிடம் சொல்ல அவனுக்கு வரவில்லை. சொன்னால் கிரீஷ் தன் அம்மாவிடம் சொல்வான். அந்த அம்மாள் யாராவது டாக்டரின் பெயரோடு போன் செய்வாள்.

அது அவன் மனைவி மிருதுளாவின் போன். அதில் ஏழு மாதமாக ஒரே ஒரு பக்கம் திறந்திருந்தது. டோக்கியோவில் எங்கோ ஒரு தெரு. ஒரு கார் போனால் சைக்கிள் ஒதுங்க வேண்டிய அளவுக்கு ஒடுங்கிய தெரு. சாம்பல் நிறச் சுவர், அதில் ஒரு பச்சைக் கதவு, பக்கத்தில் சாய்த்து நிறுத்திய சைக்கிள். ஆள் யாரும் இல்லை.

வரைபடத்தில் தெருக்களின் படங்களைப் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிருதுளா அதில் ஊர் சுற்றினாள். ஊரப்பாக்கத்தில் காலை எட்டு இருபது வண்டியில் ஏறி கிண்டியில் இறங்கும்வரை. கோயில், கோபுரம், மலை எதுவும் அவளுக்கு வேண்டாம். வெறும் வீடுகள் உள்ள தெருவாக இருக்க வேண்டும். அதற்கு அவள் விதிகளும் வைத்திருந்தாள். நினைத்த இடத்துக்குத் தாவக் கூடாது. முதலில் ரயிலில் போக வேண்டும். டிரைவர் அறையிலிருந்து எடுத்த ஜப்பான் ரயில் வீடியோ ஒன்றைப் போட்டுக்கொள்வாள். இரண்டு மூன்று ஸ்டேஷன் தாண்டியதும் இறங்கி, படத்தின் அம்புக்குறியைத் தொட்டுத் தொட்டு நடப்பாள். நடந்து முடித்ததும் திரும்ப ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏற வேண்டும். அதற்குள் கிண்டி வந்துவிட்டால் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, சாயங்கால வண்டியில் மிச்சத்தை நடந்து ஸ்டேஷன் சேர்வாள்.

"நேரா மூடிட வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டான்.

"நடுத்தெருவுல விட்டுட்டா? திரும்பி வர வேணாமா நான்?"

அவன் சிரித்தான். சிரித்ததாகத்தான் ஞாபகம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கிண்டியில் இறங்கி அலுவலகம் போனாள். பதினொரு மணிக்கு நாற்காலியிலிருந்து சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வயது முப்பத்தொன்று. கைப்பை, திறக்காத டிபன் பாக்ஸ், இந்தப் போன் மூன்றும் அவன் கைக்கு வந்தன. போனைத் திறந்தபோது அவள் அந்தப் பச்சைக் கதவுக்கு எதிரே நின்றிருந்தாள்.

அவன் அதைத் தொடவில்லை. சார்ஜ் மட்டும் போட்டான். அவளுடைய நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்தான். ஒருநாள் தன் போனிலும் அந்தத் தெருவைத் தேடித் திறந்து பார்த்தான். அதே சுவர், அதே சைக்கிள். ஆனால் அங்கே நின்றது அவன். அவள் இல்லை. மூடிவிட்டான்.

கடைக்காரர் பேட்டரியைக் கழற்றினால் பக்கம் போய்விடும். அதற்கு முன்னால் அவளை ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதைச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

நாலரை மணி வண்டியில் ஊரப்பாக்கத்திலிருந்து கிளம்பினான். வண்டலூர், பெருங்களத்தூர். கூட்டத்தில் போனை எடுக்கத் துணிவில்லை. தாம்பரத்தில் இறங்கி, நடைமேடையின் கோடியில் ஆளில்லாத சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பேட்டரி பதினெட்டு சதவீதம். விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டு படத்தைத் தொட்டான்.

தெரு மெல்லச் சுழன்றது. பச்சைக் கதவு ஓரமாக விலகியது. முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரித் தெரு. இரண்டு அம்புக்குறிகள்.

ஸ்டேஷன் எந்தப் பக்கம்?

தாம்பரத்தில் இந்தக் கேள்வியே எழாது. எந்தச் சந்தில் விட்டாலும் காது சொல்லிவிடும். பஸ்ஸின் ஹாரன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடந்தால் ஜிஎஸ்டி ரோடு, ரோட்டைத் தாண்டினால் ஸ்டேஷன். ஷேர் ஆட்டோ எந்தப் பக்கம் போகிறதோ, பூக்கடை எந்தப் பக்கம் நெருங்குகிறதோ அதுதான் வழி. இந்தத் தெருவில் சத்தம் இல்லை. ஆள் இல்லை. ஒரு கம்பத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம்தான். அப்படிச் செய்தால் இந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயம். தன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

மேலே மின்கம்பிகள் தடிமனாகப் போகும் திசையில் கடை கண்ணி இருக்கும் என்று நினைத்தான். அந்தப் பக்கம் அம்புக்குறியைத் தொட்டான். ஒரு வீடு. தொட்டான். தொட்டி தொட்டியாகச் செடிகள். தொட்டான். ஒரு முனை, எதிரே வரும் வண்டியைக் காட்டும் வட்டக் கண்ணாடி. திரும்பினான். சின்னக் கால்வாய், இரும்புக் கிராதி. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சுவருக்குப் பின்னால் வரிசையாகக் கருங்கல் தூண்கள் தெரிந்தன. அவை என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கல்லறைத் தோட்டத்துப் பக்கம் வந்திருந்தான்.

திரும்பி நடந்தான். வந்த வழியேதான் நடந்ததாக நினைத்தான். கால்வாய் வந்தது. வட்டக் கண்ணாடி வரவில்லை. வேறு ஒரு முனை வந்தது. ஏழு மாதம் அவள் நின்ற இடத்திலிருந்து அவளைக் கிளப்பிக் கொண்டுவந்து பத்தே நிமிடத்தில் தொலைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலும், மின்மயானத்திலும், பதினாறாம் நாளிலும் கலங்காதவன் இப்போது அம்புக்குறிகளைக் கண்டபடி தொட்டான். பேட்டரி பதினொன்று.

பெஞ்சின் மறுகோடியில் யாரோ கூடையை இறக்கினார்கள். கருவாட்டு வாடை குப்பென்று அடித்தது.

"கொஞ்சம் நவுரு சார். செங்கல்பட்டு வண்டி எத்தினி மணிக்கு?"

"தெரியலம்மா."

"போனை வெச்சிகினு கீறே, தெர்லன்றியே." அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலைச் சும்மாட்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் கிட்டே வந்து பார்த்தாள்.

"இன்னா சார், அந்த ஊரு ஆச்சே இது?"

"எந்த ஊரு?"

"ஜப்பானு. வாத்து பொம்ம போட்ட கவரு வேற. இது அந்தப் பொண்ணு போனாச்சே! உன் கையில எப்படி வந்துச்சு?" குரலில் சந்தேகம் ஏறியது.

"மிருதுளாவோட வீட்டுக்காரர்தான் நான்."

"நீதானா அது?" மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு ஒரே மூச்சுல ரெண்டு வார்த்த பேசுனா அன்னிக்கி மழதான்க்கானு அந்தப் பொண்ணு சொல்லும். பார்த்தா அப்டித்தான் கீற. நான் செல்லியம்மா. மக வூடு ஊரப்பாக்கம். தெனம் காலைல பல்லாவரம் போவேன், யாவாரத்துக்கு. லேடீஸ் பொட்டில என் பக்கத்துல எவளும் குந்த மாட்டா, நாறுதாம். அது மட்டும் நேரா வந்து குந்தும். சீட்டு ஃப்ரீயா கீதுக்கானு சொல்லும். கிண்டிக்கி முன்னாடி பல்லாவரத்துல நான் எறங்கற மட்டும் ரெண்டு பேரும் நடப்போம்."

"நடப்பீங்களா?"

"இதுலதான். லெஃப்ட்டா ரைட்டாக்கானு என்னியத்தான் கேக்கும். நான் சொல்ற சந்துலதான் போவும்."

துப்பட்டாவில் கருவாட்டு வாடை. என்ன இது என்று அவன் முகம் சுளித்த சாயங்காலங்கள். ரயில் கூட்டம் அப்படி, என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவாள். ஒருநாள் அவன், வேறு பெட்டியில் ஏறித் தொலையேன் என்றான். அவள் துப்பட்டாவை உருவிப் பக்கெட்டில் போட்டாள்.

"எங்க அது? ஆறேழு மாசமா ஆளே காணோம். ஜப்பானுக்கே பூட்ச்சா?"

அச்சுதன் வாயைத் திறந்தான்.

"ம்," என்றான்.

"நென்ச்சேன்! பூடுவேன் பூடுவேன்னுதான் சொல்லிகினு இருந்துச்சு. சொல்லாம கொள்ளாம போய்கீது பாரு, கள்ளி." அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இனி அந்த 'ம்'மை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போகணும்," என்றான். "இதுல. வழி தவறிட்டேன். பச்சைக் கதவுகிட்டேர்ந்து கிளம்பினேன்."

"குடு இப்படி. ஏன் இது வயிறு வீங்கிகீது? சரி, நீயே புடி, நான் சொல்றேன். திருப்பு. இன்னும். அதோ, முட்ட பொம்ம வெச்ச கட தெர்தா? அந்தாண்ட வா. லெஃப்ட்டு. ஐய, அது ரைட்டு. இந்தாண்ட, லெஃப்ட்டு."

தொட்டான். தொட்டான். மூன்றாவது திருப்பத்தில் பச்சைக் கதவு வந்தது. மூச்சு விட்டான்.

"இங்க ஏன் நின்னா?" என்று கேட்டான். ஏழு மாதமாக அவன் இந்தப் படத்தைப் படித்திருந்தான். கதவுப் பலகையின் எழுத்தைத் தன் போனால் படமெடுத்து வேறொரு செயலியில் போட்டுப் பார்த்ததில் யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் வந்தது. சைக்கிளில் மாட்டியிருந்த பை, ஜன்னல் திரை, எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அவள் நின்றதற்கு ஏதோ காரணம் இருக்கும், அது தனக்குச் சொல்லாத ஒன்றாக இருக்கும் என்று இருந்தான்.

"நான்தான் நிறுத்துனேன். மேல பாரு."

மாடிக் கைப்பிடியில் நீல நிறத்தில் ஒரு வலைக்கூடு தொங்கியது. பறவைக் கூண்டு என்று நினைத்திருந்தான்.

"பெருசாக்கு. தெர்தா உள்ள? மீனு. பொளந்து காயப் போட்டுகிறாங்க. கருவாடு! அந்த ஊர்லயும் கருவாடு! காக்கா தூக்காத அளவுக்கு வல கட்டி வெச்சிகிறா, கெட்டிக்காரி. நானும் அதுவும் அன்னிக்கி சிரிச்ச சிரிப்புல எதிர்ல குந்தினு இருந்தவ எயுந்து பூட்டா. அதுக்குள்ள பல்லாவரம் வந்துச்சு, நான் எறங்கிட்டேன். இங்கியே இருக்கேன்க்கா, நாளைக்கி இங்கேர்ந்து போலாம்னு சொல்லுச்சு."

அவன் அந்த நீல வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வெளுப்பாக மூன்று துண்டுகள். நாற்காலியிலிருந்து சரிவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் அவள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அவனுக்கு அழ வேண்டுமா, சிரிக்க வேண்டுமா, இந்த அம்மாளிடம் இப்போதே சொல்லிவிட வேண்டுமா என்று ஒன்றும் பிடிபடவில்லை. பேட்டரி ஆறு.

"போலாமா?" என்றான்.

"நேரா போ. சாவி கட. அப்றம் செவப்பு டப்பா, அதான் அங்க தபால் பொட்டி. ரைட்டு. இப்ப ரயிலு கேட்டு வரும் பாரு. அதத் தாண்டுனா ஸ்டேஷன்."

கேட் வந்தது. கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட கம்பு தெருவுக்குக் குறுக்கே இறங்கியிருந்தது. படம் எடுத்த அன்று ஏதோ ரயில் வரும் நேரம் போலிருக்கிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷனின் தாழ்ந்த கூரை, இரண்டு படிகள், ஒரு விளக்கு. கம்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தாள். அந்த மாதிரிப் படங்களில் ஆள் தெரியாதபடி முகத்தைக் கலைத்து விடுவார்கள். அவளுடையதும் கலைந்திருந்தது.

செல்லியம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள்.

"தம்பி, இதாரு?"

"தெரியல."

"மூஞ்சி தெர்லயே. ஆனா காலு மாத்தி நிக்கிறது அது மாதிரியே கீது. இல்ல?"

செங்கல்பட்டு வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொன்னது. அந்த அம்மாள் அவசரமாகச் சும்மாட்டைச் சுற்றினாள். "ஒரு கை குடு." அவன் போனைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். கூடை தலையில் அமர்ந்தது. அவன் சட்டைக் கையில் வாடை ஒட்டிக்கொண்டது.

"அக்கா," என்றான். மிருதுளா கூப்பிட்ட மாதிரி. "மிருதுளா வந்து..."

"எப்ப வருது?"

வண்டி இரைந்துகொண்டு உள்ளே வந்தது. அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று அவனுக்கே கேட்கவில்லை.

"செரி செரி, மொள்ள வரட்டும். செல்லியம்மா கேட்டானு சொல்லு!" பெண்கள் பெட்டியை நோக்கி அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். வழியில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். ஏறும்போது திரும்பிக் கத்தினாள். "கேட்டு மூடிகீதுனு குந்திக்காத! வண்டி பூட்ச்சினா தொறப்பாங்க!"

வண்டி போயிற்று. அச்சுதன் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தான். உப்பிய முதுகு உள்ளங்கையில் சூடாக இருந்தது. இரண்டு சதவீதம். கம்பு இறங்கியே இருந்தது. கம்புக்கு அப்பால், தண்டவாளத்தின் நடுவில், ஒரு வெள்ளை அம்புக்குறி ஸ்டேஷனைக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் விரலை அதன்மேல் கொண்டுபோய், தொடாமல் வைத்திருந்தான். சைக்கிளைப் பிடித்திருந்த பெண் ஒரு காலில் எடையை மாற்றி, வண்டி போவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.