சோனுனைக் கிடத்த ஓர் இடம்

சோனுன் திங்கட்கிழமை விடியும்போது இறந்தாள். எட்டு மணிக்கு அவள் தம்பி துராத் மலைக்கு அப்பால் அவர்கள் சொந்த ஊரான ஆட்-பாஷியிலிருந்து போன் செய்தான்.

"மச்சான், நம்ம வீட்டுக் கூடாரத்தையே லாரியில ஏத்திட்டேன். வாடகைக்கு எதுவும் பேசிடாதீங்க. எங்க அக்கா எவன் வீட்டுக் கம்பளிக்குள்ளயோ படுக்க வேணாம்."

சோனுனின் கணவர் மெலிஸ் சரி என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூடாரம் வருகிறது. அதைப் போட முற்றம் எங்கே இருக்கிறது?

மாடி வீட்டில் வாழ்ந்தாலும் கிர்கிஸ் மனிதன் மாடியில் கிடந்தபடியே கடைசிப் பயணம் போவதில்லை. உயிர் போனதும் கீழே இறக்கி, கம்பளிக் கூடாரத்தில் கிடத்தி, இரண்டு நாளாவது ஊர் வந்து அழுதால்தான் அது சாவு. மெலிஸ் குடியிருந்ததையும் சேர்த்து நான்கு மாடிக் கட்டடங்கள் நான்கு ஒரு முற்றத்தைச் சுற்றி நின்றன. நாற்பது வருடமாக அங்கே பிள்ளைகள் பந்து உதைத்தார்கள், பெண்கள் கம்பளம் தட்டினார்கள், யார் செத்தாலும் கூடாரமும் அங்கேதான் எழும்பியது. ஏப்ரலிலிருந்து அதைச் சுற்றி நீலத் தகர வேலி. வேலி முந்தி, அனுமதி பிந்தி என்பதுதான் தலைநகர் பிஷ்கெக்கில் இப்போது நடைமுறை. தகரத்தில் பதினாலு மாடிக் கட்டடத்தின் படம் இருந்தது. அதைச் சுற்றி மரங்கள் வேறு வரைந்திருந்தார்கள். நிஜமாக நின்ற பதினோரு மரங்களை வெட்டிப்போட்டுவிட்டு அந்தப் பச்சையைப் பூசியவனின் துணிச்சலை என்னவென்று சொல்வது. "மலையைப் பார்த்தபடி ஒரு வாழ்வு" என்று கீழே எழுதியிருந்தது. அந்த மலை அதுவரை இந்த நான்கு கட்டடத்துக்கும் இலவசமாகவே தெரிந்துகொண்டிருந்தது.

இதற்கெல்லாம் கட்டடக்காரனை மட்டும் திட்டிப் பயனில்லை. அவனுக்கு மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்களின் கையெழுத்து தேவைப்பட்டது. மெலிஸும் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஆசைப்பட்டுப் போட்டதல்ல. மூத்த மகன் குபாத் பெண்டாட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊர் ஓரத்தில் ஒரு நிலவறையில் வாடகைக்கு இருந்தான். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் டாலரோடு வந்து இறங்கிய வருடம் வாடகை இரட்டிப்பானது. அவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போயும் அது இறங்கவில்லை. மலைப்பக்கம் வீடு வாங்க வேண்டுமென்றால் ஒருவன் மந்தையையே விற்க வேண்டும், குபாத்திடம் ஒரு ஆடுகூட இல்லை. கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டிய மெலிஸின் சேமிப்பும் மகன் வாங்கக்கூடிய கடனும் சேர்ந்தால் ஓர் ஒற்றை அறை வீட்டை எட்டிப் பிடிக்கலாம்.

சோனுன் ஒப்பவில்லை. பக்கவாதம் வந்து மூன்று வருடமாக முன்னறையில் படுத்திருந்தவள் அவள். "புள்ளைங்கள இங்கயே கூட்டிட்டு வாங்க. இந்த ரூமை அவங்களுக்குக் குடுத்துட்டு நான் சமையல்கட்டுல படுத்துக்கறேன். முத்தத்தை மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் அமைதி வேண்டும் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் வந்தால் ஏது அமைதி என்று மெலிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வசந்தத்தில் அவள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது போய்க் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்தவள் தலையணையில் சாய்ந்தபடி ஜன்னல் வழியே வேலியைப் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று மெலிஸ் காத்திருந்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், ஒரு வாரம் பேசவில்லை.

துராத்தின் லாரி இரண்டு மணிக்கு வந்தது. அவன் இறங்கி, துக்கக்காரர்கள் கட்டுவதுபோல் இடுப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "என் அக்காவே" என்று அழுதபடி முற்றத்துப் பக்கம் நடந்தான். தகரத்தில் போய் நின்றான். அழுகை பாதியில் நின்றுவிட்டது.

"என்ன மச்சான் இது?"

"கட்டடம் வருது."

"அது தெரியுது. கூடாரத்த எங்க போடறது?"

மெலிஸ் குப்பைத் தொட்டிக்கும் கார்களுக்கும் நடுவில் இருந்த சிமெண்ட் தரையைக் காட்டினார். துராத் அங்கே போய்க் காலால் அளந்தான். ஆறடிதான் தேறியது.

"இங்க போட்டா, கார்க் கதவைத் தொறந்ததும் பொணத்து மேல விழுவானுங்க. அழுதுட்டு வர்றவனுக்கு நடந்து வர நாப்பது அடியாவது வேணாமா? இந்தத் தொட்டி நாத்தத்துல எங்க அக்காவப் போடச் சொல்றீங்களா? முத்தத்த யாரு வித்தது?"

பதில் சொல்ல வந்தவள் மூன்றாம் மாடி ராயா. முற்றத்தைக் காப்பாற்ற ஏழு மாதமாக மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தவள் அவள்.

"இங்க இருக்கறவங்கதான் தம்பி வித்தாங்க. ஒங்க மச்சானும் வித்தாரு. இப்ப அவர நிக்க வச்சுக் கேக்கறதுல பிரயோசனமில்ல. வேலிக் கேட்டத் தொறக்கச் சொல்லி உள்ள போடுங்க."

மெலிஸின் முகத்தில் ஈயாடவில்லை. மச்சினன் அவரை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவர் ஒதுங்கிப் போய்க் கட்டடக் கம்பெனியின் மேனேஜர் எர்மெக்குக்குப் போன் போட்டார். மனைவி இறந்த அன்றைக்கு, அவளைக் கிடத்த இடம் கேட்டு, முன்பின் பழக்கமில்லாத ஒருவனிடம் கெஞ்ச வேண்டிவந்ததே என்று நொந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

எர்மெக் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எப்ப எடுப்பீங்கண்ணே?"

"புதன்கிழமை மத்தியானம் அடக்கம். அன்னைக்கே பிரிச்சுருவோம்."

"எங்க முதலாளிக்குத் தெரிய வேணாம். பொக்லைன ஓரமா விடச் சொல்றேன். கேட்டு சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு."

அப்படித்தான் சோனுனின் கூடாரம் வேலிக்குள்ளே, மஞ்சள் பொக்லைனுக்குப் பக்கத்தில் எழும்பியது. கிராதிச் சுவரை வட்டமாக நிறுத்தி, உச்சி வளையத்தைத் தூக்கி, கழிகளைச் செருகி, கம்பளியைப் போர்த்த ஒரு மணி நேரம் ஆனது. நான்கு கட்டடத்திலிருந்தும் ஆண்கள் வந்து கை கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியாடினார்கள். சோனுனை இறக்கி வந்து வலப்பக்கம், பெண்களுக்குரிய பக்கத்தில், திரை கட்டிக் கிடத்தினார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வெளியே மெலிஸும் குபாத்தும் துராத்தும் கைத்தடியில் சாய்ந்து நின்று வருகிறவர்களை எதிர்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் எர்மெக் வந்தான். நாற்பது வயது இருக்கும், பளபளவென்று ஷூ. கேட்டைத் தாண்டியதும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "அக்காவே, பாக்காமப் போயிட்டேனே" என்று சத்தமாக அழுதுகொண்டு வந்தான். கையெழுத்துப் போடாதவர்கள் வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. மெலிஸ் அவனைக் கட்டிக்கொண்டபோது அந்த உடம்பு நிஜமாகவே குலுங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் மெல்லச் சொன்னான்: "எங்கம்மா பிப்ரவரில போனாங்கண்ணே. நாங்க இருக்கறது பன்னெண்டாவது மாடி. கீழ ஒரு சாண் மண்ணு கெடையாது. கல்யாண மண்டபத்து கார் நிறுத்தற எடத்துல கூடாரம் போட்டோம். பக்கத்து ஹால்ல கல்யாணப் பாட்டு."

"அந்தக் கட்டடத்தையும் ஒங்க கம்பெனிதான் கட்டுச்சா?" என்று துராத் கேட்டான்.

"ஆமா," என்றான் எர்மெக். பெண்கள் அவனை உட்காரவைத்துக் குதிரைக் கறியும் தேநீரும் கொடுத்தார்கள்.

புதன்கிழமை அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். துராத் கம்பளியின் கயிற்றில் கை வைத்தான். ராயா வந்து குறுக்கே நின்றாள்.

"பிரிக்காதீங்க. நாப்பதாம் நாள் வரைக்கும் நிக்கட்டும். வெள்ளிக்கிழமை நகராட்சியில கூட்டம் இருக்கு, கோர்ட்டுல நாங்க போட்ட கேஸ் வேற வருது. இத இடிக்க எந்த மேனேஜருக்கும் தைரியம் வராது. போலீஸ்காரனே வந்தாலும் தொப்பியக் கழட்டிட்டுப் போயிருவான். மெலிஸண்ணே, சோனுனுக்கும் இதுதான புடிச்சிருக்கும்?"

அதில் உண்மை இருந்தது. மெலிஸ் தடுமாறித்தான் போனார். அவள் வேண்டாம் என்றதைத் தான் செய்ததற்கு இது ஒரு பரிகாரமாக அமையக்கூடும் என்றுகூட நினைத்தார். குபாத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் மேரிம் நிமிர்ந்தாள்.

"ராயாக்கா, தப்பா நெனைக்காதீங்க. மூணு வருஷமா நான் தரைக்கடியில குடும்பம் நடத்தறேன். எங்க ஜன்னல்ல மலையும் தெரியாது, மரமும் தெரியாது. போறவங்க வர்றவங்க செருப்புதான் தெரியும். சின்னவனுக்குக் குளிர்காலம் பூரா இருமல். ஒங்களுக்கு முத்தம் வேணும், நியாயம்தான். எனக்குத் தரைக்கு மேல ஒரு ஜன்னல் வேணும். அதுவும் நியாயமில்லையா?"

ராயா நல்லவள். நியாயமில்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. கூடாரத்தை விட்டு நகரவும் இல்லை.

மெலிஸ் யாரிடமும் பேசாமல் மாடியேறினார். முன்னறைக் கட்டிலைத் திங்கட்கிழமையே வெளியே எடுத்திருந்தார்கள். அவளுடைய மெத்தை, மருந்து மேசை எதுவும் இல்லை. பேரப்பிள்ளைகள் இரண்டு நாளாக அங்கேதான் தரையில் படுத்தார்கள். சின்னவன் மத்தியானத் தூக்கத்தில் இருந்தான், இருமவில்லை. ஜன்னலோரம் பேத்தி முழங்காலிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறை இத்தனை பெரியது என்று மெலிஸுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு கட்டில் போடலாம், பிள்ளைகளுக்கு ஒரு மேசைகூடப் போடலாம்.

தண்ணீர் எடுக்க மேரிம் மேலே வந்தாள். அவர் அவளைக் கூப்பிட்டார்.

"மேரிம், நாளைக்கே சாமானெல்லாம் எடுத்துட்டு இங்க வந்துருங்கம்மா. நான் பின்னறையில இருந்துக்கறேன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அத்தை எத்தன தடவ போன்ல கூப்பிட்டாங்க தெரியுமா மாமா? 'நான் ஒரு ஓரமாக் கெடந்துக்கறேன், புள்ளைங்க சத்தம் கேட்டா எனக்கு நல்லாருக்கும்'னாங்க. நீங்க வேணாம்னீங்கன்னுதான் நாங்க வரல."

சோனுனுக்கு அமைதி வேண்டுமென்று மெலிஸ் காத்த மூன்று வருடத்தில், அவளுக்கு வேண்டியிருந்தது சத்தம். அதையும் தராமல், மகனுக்கு வீட்டையும் தராமல், ஊர் முற்றத்தையும் விற்று வைத்திருந்தார். ஒருவன் நல்லது செய்கிறேன் என்று இவ்வளவு தப்பும் செய்ய முடியுமா என்று அவருக்கே மலைப்பாக இருந்தது.

கீழே இறங்கியபோது எர்மெக் பொக்லைன் டிரைவரோடு வந்து நின்றுகொண்டிருந்தான். ராயா இன்னும் கூடார வாசலை மறித்துக்கொண்டிருந்தாள்.

"பிரி துராத்து," என்றார் மெலிஸ்.

"அண்ணே," என்றாள் ராயா.

"அவ உசுரோட இருந்தப்ப அவ பேச்ச நான் கேக்கல. செத்தவளக் கொண்டாந்து காவலுக்கு நிக்க வைக்க மாட்டேன் ராயா. கையெழுத்துப் போட்டவன் நான். நான்தான் நிக்கணும்."

துராத் கயிற்றை அவிழ்த்தான். ஆண்கள் கம்பளியை இறக்கி மடித்தார்கள். மெலிஸ் எர்மெக்கிடம் போனார்.

"தம்பி, என் கையெழுத்த எடுத்துருங்க. எழுதித் தரேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கும் வந்து நானே சொல்றேன்."

எர்மெக் டிரைவரைத் தள்ளிப் போகச் சொன்னான்.

"அண்ணே, துக்கத்துல இருக்கீங்க. அவசரப்படாதீங்க. ஒங்க ஒரு கையெழுத்தால வேலை நின்னுடாது."

"நிக்காமப் போகலாம். என் பேரு அதுல இருக்க வேணாம்."

"எடுத்துட்டீங்கன்னா அந்த வெலை திரும்பக் கெடைக்காது. அப்புறம் நானே நெனைச்சாலும் முடியாது." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒங்க பையனுக்கு வீடு வேணாமா?"

உச்சி வளையத்தை நான்கு பேர் கீழே இறக்கினார்கள். மேலே, முன்னறை ஜன்னலில், பேத்தியின் பக்கத்தில் சின்னவனும் வந்து நின்றான். இரண்டும் கண்ணாடியைத் தட்டிச் சிரித்தன.

"அவனுக்கு எடம் கெடைச்சிருச்சு தம்பி," என்றார் மெலிஸ். "என் பொண்டாட்டி காலி பண்ணிக் குடுத்துட்டா."