படைக்காத வெல்லம்

அன்று காலை ஜமீர் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அம்மா, நீலம்! இன்னிக்கு நான் ஜெயிச்சுட்டேன்” என்று கத்தினான்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி. நீல மருந்தில் சிறுநீரைச் சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இருக்கிற அளவுக்குப் பச்சை, மஞ்சள், செங்கல் என்று நிறம் ஏறும். மாறாமலிருந்தால் எங்கள் வீட்டில் பண்டிகைதான். அவனுக்கு ஒரு இட்லி கூடுதலாக வைத்தேன். சாயங்காலம் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலிலிருந்து என் மகன் எழவில்லை.

அடுத்த வருஷம், எழுபத்தொன்றில், நஞ்சப்பனும் கண்ணம்மாளும் தங்கள் மகள் செல்லியோடு மாரண்டஹள்ளியில் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். குழந்தைக்கு ஆறு வயது. சர்க்கரை வியாதி என்று அந்த வாரம்தான் தெரிந்திருந்தது. “வஹிதாம்மாவப் போய்ப் பாருங்க, ஊசி போடக் கத்துக் குடுப்பாங்க” என்று தர்மபுரி டாக்டர் அனுப்பியிருந்தார்.

அலமாரியிலிருந்து ஜமீரின் ஊசியையும் குழாயையும் எடுக்கக் கை கொஞ்சம் தயங்கியது. எடுத்த பிறகு தயங்கவில்லை; அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரின் மண்டியில் தக்காளிக்குப் பஞ்சமில்லை. தக்காளியில் குத்திப் பழகச் சொன்னேன். கண்ணம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு குத்தினாள். நஞ்சப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“எருது விடறப்போ கொம்பப் புடிச்சுத் தொங்கற ஆளுங்க்கா இது” என்றாள் கண்ணம்மாள்.

“கொம்பு கண்ணுக்குத் தெரியுது. இது தெரியவே மாட்டேங்குதே!”

செல்லி குத்துப்பட்ட தக்காளியை எடுத்து உருட்டிப் பார்த்தாள். “இது அழுவலையே. அப்ப நானும் அழுவல” என்று கையை நீட்டினாள்.

கண்ணம்மாளுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். “ஊசி போட்டா உடனே சோறு. உடம்பு வேர்த்து நடுங்குச்சுன்னா வாயில வெல்லம். வேற எதையும் யோசிக்காத.”

சித்திரையில் அவர்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை. “நீங்க வராம அடுப்பு பத்த வைக்க மாட்டேன்” என்று பிடிவாதமாக அழைத்தாள். போனேன். கோயில் மைதானத்தின் ஓரத்தில், புங்கமர நிழலில் நின்றேன். வரிசையாகப் பொங்கல் பானைகள். பம்பை அடிக்கத் தொடங்கியதும் செல்லி ஆடினாள். குழந்தை சந்தோஷத்தில் ஆடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கூட்டம் குலவையிட்டது.

“அம்மா வந்துட்டா! சின்னப் புள்ள மேல அம்மா வந்துட்டா!”

பூசாரி ஆண்டி ஓடிவந்து விபூதி பூசினார். ஒரு பெரியவர் கீழே விழுந்து கும்பிட்டு, “தாயே, இந்த வருசம் மழ உண்டா?” என்று கேட்டார்.

செல்லியின் கண் செருகியது. “பசிக்குது” என்றாள்.

“குறை வச்சிட்டமா, தாயே?”

குழந்தையின் பாவாடை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. கண்ணம்மாளோ கைகூப்பி, கண்ணீர் வழிய நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். “கண்ணம்மா! காலையில ஊசி போட்டியே, சோறு குடுத்தியா?”

“பொங்கல் படைக்காம எப்படிங்க்கா...” என்றவள் அப்படியே நின்றாள். பொங்கல் வைக்கிற வீட்டில் படைக்கும் முன் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஊசியை மறக்காதவள், அந்தப் பழக்கத்தில் சோற்றை நிறுத்திவிட்டாள்.

கூப்பிய கை பிரிந்தது. பானையருகே வைத்திருந்த வெல்லத்தை உடைத்து மகளின் வாயில் போட்டாள்.

“ஐயோ, சாமிக்கு இன்னும் படைக்கலியே!” என்று பூசாரி பதறினார்.

“நீங்கதானே சாமி வந்திருக்குதுன்னீங்க?” கண்ணம்மாள் நிமிராமலே இன்னொரு துண்டை உடைத்தாள். “இதோ, சாமி வாயிலயே படைச்சுட்டேன்.”

முதலில் சிரித்தது பூசாரிதான். பம்பைக்காரர்கள் அடிப்பதை விட்டுச் சிரித்தார்கள்.

செல்லி கண்ணைத் திறந்து சப்புக்கொட்டினாள். மழை கேட்ட பெரியவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. “இந்தத் தாத்தா எதுக்குக் கீழ படுத்திருக்காரு?” என்று கேட்டாள்.

நஞ்சப்பன் அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு மைதானம் முழுக்கச் சுற்றினார். அன்று ராத்திரி என்னை அவர்கள் விடவில்லை. வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலை கண்ணம்மாள் ஜமீரின் குழாயை விளக்கில் பிடித்தாள். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். மருந்து கொதித்தது, நீலம் நீலமாகவே இருந்தது.