காலை ஏழு நாற்பது மாத்திரை

காப்பாளர் வீட்டில் செருப்பெல்லாம் வாசலில் சிதறிக் கிடக்கும். அலமாரி இல்லாமல் இல்லை. அதன் மூன்று தட்டிலும் இரண்டு பழைய கணினிகளும், சிக்குப் பிடித்த ஒயர்களும், ஒரு குட்டி மின்விசிறியும் குடியேறி வருஷம் ஐந்தாகிறது. அந்தச் செருப்பு அலமாரிக்குள்தான் அவர் ஒரு சமூக வலைத்தளம் நடத்தி வந்தார்.

பெரிய கம்பெனிக்காரன் வாசலில் நம் பேச்சை அடகு வைப்பது அடிமைத்தனம் என்பது அவர் கட்சி. உலகத்தில் அவரைப் போல வீட்டிலேயே கணினி வைத்துத் தளம் நடத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒருவர் அலமாரியில் எழுதியது இன்னொருவர் அலமாரிக்குத் தானே போய்ச் சேரும். நடுவில் முதலாளி கிடையாது. கேட்க அழகாகத்தான் இருந்தது. கேட்டவர்கள்தான் குறைவு. உச்சத்தில் உறுப்பினர்கள் பதினாலு பேர். அதில் மூன்று பேர் அவரே. இரண்டு பேர் கடவுச்சொல்லை மறந்தவர்கள். மாடி வீட்டுக்காரர் சேர்ந்ததே லிஃப்ட்டில் இவர் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான். ‘காப்பாளர்’ என்ற பட்டமும் யாரும் கொடுத்ததில்லை, தானே சூட்டிக்கொண்டது. பகலில் அவர் அடுக்குமாடிகளின் லிஃப்ட்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். ஊரார் மேலே போவதற்கு அவர் உத்தரவாதம். அவருடைய தளம் மட்டும் மாதத்தில் பாதி நாள் கீழேயே கிடக்கும்.

தளத்துக்கு உயிர் இருந்தது ஒரே ஆளால். மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, தனி அறை. ‘மாத்திரை’ என்ற பெயரில் தினம் காலை ஏழு நாற்பதுக்கு ஒரு வேடிக்கை எழுதுவான். வார லீவு நாளில் மொத்தமாக எழுதி, நாள் நேரம் குறித்து வைத்துவிடுவான். வயசானவர்களுக்கு மருந்து டப்பாவில் திங்கள் செவ்வாய் என்று பிரித்துப் போடுகிற பழக்கம். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவன் அக்கா, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே அதைப் படித்துச் சிரிப்பாள். மூன்றுக்கு ஒன்று அத்தானைப் பற்றித்தான் இருக்கும். ‘எங்கள் அத்தான் சுதந்திரத்தைச் செருப்பு அலமாரியில் வைத்திருக்கிறார். வெளியே கிளம்பும்போது மட்டும் தேடுவார்.’ அத்தான் முகத்தைச் சுளிப்பார். ஆனால் வெளியூர் அலமாரிகளிலிருந்து நூறு பேர் கைதட்டுவதால் பொறுத்துக்கொள்வார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஆறு மணி. காப்பாளர் தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று உட்கார்ந்து, குறித்து வைத்த பதிவுகளை நேரத்துக்கு அனுப்பும் பகுதியை முதலில் நிறுத்தினார். அடுத்த படியிலேயே எல்லாம் இடிந்து விழுந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அந்த நேரம் பார்த்து மைத்துனன் போன்.

“அத்தான், நெஞ்சு என்னமோ கனமா இருக்கு.”

வாய்வாக இருக்கும் என்றார் இவர். நான் பாதி வேலையில் இருக்கேன், அரை மணியில் கூப்பிடுறேன் என்றார். கூப்பிடவில்லை. மறுநாள் அவன் கவுண்டருக்கு வரவில்லை. அறைக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள்.

அந்தப் போனைப் பற்றிக் காப்பாளர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்: இருபத்திரண்டு வருஷமாக அவள் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அன்றோடு சரி. அலமாரிக் கதவைச் சாத்தி வைத்தார். தளத்தில் பழைய பதிவுகளைப் படிக்கலாம். புதிதாக எதுவும் போகாது, வராது. ஆசாமி போன வீட்டில் கடிகாரம் நின்றது மாதிரி அதுவும் அப்படியே நின்றது.

போன வாரம், உறுப்பினர் ஒருவர் ‘தளம் இருக்கிறதா, போய்ச் சேர்ந்ததா’ என்று கேட்டதும் ரோஷம் வந்து, ஒரு காலையில் எல்லாவற்றையும் ஓட விட்டார். நிறுத்தி வைத்த பகுதியும் விழித்துக்கொண்டது. அடுக்களையில் மனைவியின் போன் ஒரு தடவை ஒலித்தது. பிறகு இன்னொரு தடவை. பிறகு நிற்கவே இல்லை.

அவள் ஈரக்கையோடு வந்து போனை நீட்டினாள். ‘மாத்திரை’ எழுதியிருந்தான். பத்தொன்பது பதிவுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. லீவில் போவதற்காக மூன்று வாரத்துக்குச் சேர்த்துக் குறித்து வைத்துப் போயிருக்கிறான் போலிருக்கிறது. அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒன்று: ‘எலும்பு வரை என்னைத் தெரிந்த ஒரே ஆளுக்கு.’

காப்பாளர் உடனே விளக்க ஆரம்பித்தார். வரிசை, தேக்கம், தவறிய நேரம் என்று கையைக் காலை ஆட்டி வரைபடம் போட்டார். அவள் அதில் ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. நின்றபடியே பத்தொன்பதையும் படித்தாள். நாலாவதில் சிரித்தாள், பிறந்தநாள் வாழ்த்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே அவள் போனை மேசையில் நிமிர்த்தி வைத்து எதிரில் உட்கார்ந்தாள். ஏழு நாற்பது வந்தது, போனது. ஒன்றும் ஒலிக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலைக்காப்பி ஆறி ஆடை கட்டிப்போயிருந்தது. பல் தேய்த்துக்கொண்டே காப்பாளர் அதைப் பார்த்தார்.

நாலாம் நாள் ஏழு நாற்பதுக்குப் போன் ஒலித்தது.

செய்தவர் காப்பாளர்தான். அலமாரி தன்னுடையது, சாவி தன்னுடையது. யாருடைய பெயருக்குள்ளும் புகுந்து எழுத முடியும். பெரிய கம்பெனிக்காரன் இப்படிச் செய்வான் என்றுதான் அவர் ஊரெல்லாம் பயமுறுத்திக்கொண்டிருந்தார். மைத்துனன் குரலைப் பிடிக்க ராத்திரியே பழைய பதிவுகளைப் புரட்டித் தயார் செய்தது: ‘தன் பேச்சைத் தன் வீட்டில் வைத்திருப்பவனே சுகவாசி. இந்த விஷயத்தில் எங்கள் அத்தானைப் பாராட்டத்தான் வேண்டும்.’ தனக்கே சிரிப்பு வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். மேலும் மூன்று நாள் எழுதினார். நாலிலும் அத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தார். கடைசிப் பதிவில் தொலைநோக்குப் பார்வையுள்ள மனிதராகவே ஆகிவிட்டார். வெளியூர் அலமாரிகளில் ஒரே குதூகலம். முகம் தெரியாத ஆட்கள் செத்தவனுக்கு நல்வரவு சொன்னார்கள். வேண்டாமென்று இப்போது இங்கே அழித்தாலும், அங்கங்கே போய் இறங்கிய பிரதிகள் அவரவர் மனசு வைத்தால்தான் அழியும்.

 அக்கா படிக்கிற நேரத்தில் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. மாத்திரையின் நாற்காலி என்று ஒன்று அந்த வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனாலும் இந்த நாலு நாளாகக் காப்பாளர் கூடத்தைத் தாண்டும்போது யாரையோ இடித்துவிடாமல் ஒதுங்கிப் போனார்.

இப்படி எழுத ஆரம்பித்த ஐந்தாம் நாள், அவர் மைத்துனன் பெயருக்குள் நுழைந்ததும், அங்கே ஒரு தனிச்செய்தி காத்திருந்தது. அக்கா தம்பிக்கு எழுதியது.

‘உன் போன் என்கிட்டதான் இருக்கு. கடைசி நாள் சாயங்காலம் ஆறு பத்துக்கு அத்தான்கிட்ட நாலு நிமிஷம் பேசியிருக்கே. என்ன சொன்னே?’

காப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார். எட்டு மாதம். எட்டு மாதமாக அவளுக்கு ஆறு பத்து தெரியும், நாலு நிமிஷம் தெரியும். அதை வைத்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், மழைக்குக் குடை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

கை தானாக விசைப்பலகைக்குப் போனது. செத்தவன் வாயாலேயே தப்பித்துக்கொள்ள ஒரு வழி திறந்திருந்தது. இப்படி ஒரு வசதி எந்தக் குற்றவாளிக்குக் கிடைக்கும்? ‘ஒண்ணுமில்லக்கா, சும்மாத்தான் பேசினேன். அத்தான் உடனே டாக்டரைப் பாருன்னு சொன்னாரு. நான்தான் கேக்கல.’ அனுப்பினார்.

பக்கத்து அறையில் போன் ஒலித்தது. படிக்கிற நேரம் போனது. பிறகு அவள் வந்து, வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கிவிட்டு அலமாரி எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“அவன் உயிரோட இருந்தவரைக்கும் உங்களை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. செத்தப்புறம் அஞ்சு நாளா தலையில தூக்கி வெச்சு ஆடுறான்.”

காப்பாளர் வாயைத் திறந்தார். தனியுரிமை பற்றி ஏதோ வரப் பார்த்தது, அவரே மூடிக்கொண்டார்.

“நீங்க படிப்பீங்கன்னுதான் எழுதினேன்,” என்றாள். “அவன் சொன்னதைச் சொல்லுங்க. உங்க வாயால.”

சொன்னார். நெஞ்சு கனத்தது, வாய்வு என்றது, அரை மணி என்றது. வாழ்நாளில் முதல் தடவையாக எதையும் விளக்காமல் பேசினார். அதனால் ஒரு நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது.

“அது ஒரு நிமிஷம்தான்,” என்றாள். “மிச்சம் மூணு?”

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

“உன்னைக் கேட்டான். அக்கா இருக்காளா, குடுங்கன்னான். தூங்குறான்னேன். எழுப்புங்கன்னான். நைட் டூட்டி முடிச்சுட்டு வந்தவ, விடுன்னேன். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டான்.”

“நான் தூங்கலை,” என்றாள் அவள். “உள்ளே துணி மடிச்சிட்டிருந்தேன்.”

அவர் அன்றைக்கு எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து அந்த அறைக்கு எட்டு அடி.

திரையில், மைத்துனனின் பெயர் இன்னும் திறந்தே இருந்தது. அதற்கடியில் புதிதாக ஒரு பதில் வந்து நின்றது. எங்கேயோ ஒரு வீட்டு அலமாரியிலிருந்து, யாரென்று தெரியாத ஒரு ஆள். ‘மாத்திரை சார், இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?’

அவள் அதைப் படித்தாள். விசைப்பலகையை இரண்டு கையாலும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“கேக்குறாங்க பாருங்க,” என்றாள். “சொல்லுங்க.”