தவநேசன் பங்கு

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு சுண்டு அரிசி அளந்து உலையில் போடுவது வழக்கம். நான், மனைவி பூரணம், மகன் தவநேசன், ஆக மூன்று சுண்டு. தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் உப்புவெளிப் பெடியன்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது அவனும் போனான். சிலர் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. பூரணமோ பிறகும் மூன்று சுண்டுதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவனுடைய பங்கைத் தின்ன வீட்டில் ஓர் ஆள் இருந்தது. பட்டணத்து நகைக்கடை முதலாளி ஒருவர் குடும்பத்தோடு கனடா போகப் புறப்பட்டபோது, தவநேசன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த அல்சேஷன் குட்டி, ஜிம்மி. வந்து இரண்டு கிழமைகூட இல்லை, கொண்டுவந்தவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

துறைமுகத்தில் நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வருகிறவனுக்கு வெறும் சொதி. ஜிம்மித் துரைக்கோ சூடை மீனை முள் எடுத்துக் குழைத்த சோறு! போதாததற்கு, பூரணத்தின் முழங்கால் நோவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கல்சியம் குளிசைகளும் அதன் வாய்க்குள்தான் போயின.

"கடல்தொழிலுக்கே விடாத காலத்திலை ஊர்ச்சனம் மீனுக்கு அலையுது. நீ நாய்க்கு விருந்து வைக்கிறாய்" என்றேன் ஒருநாள்.

"அவன்ரை பங்கை அவன்ரை குட்டி தின்னுது. உங்களுக்கென்ன?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "அவன் இனி வரமாட்டான், பூரணம். இல்லாதவனுக்கு உலை வைக்காதை. காரியத்தைச் செய்வம்" என்று கத்தினேன். என் தங்கை அன்னலட்சுமியும் வந்து இதையே சொன்னாள். மறுநாளும் மூன்று சுண்டுதான்.

ஐந்து மாதத்தில் ஜிம்மி கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. பிறகுதான் முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கின. எழும்பும்போது முனகியது. சத்துக் குறைந்துவிட்டதாக்கும் என்று பூரணம் சோற்றையும் குளிசையையும் இன்னும் கூட்டினாள். கால் இன்னும் வளைந்தது.

கடைசியில் மீன் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, அதற்குள் நாயை இருத்தி, மாட்டு டொக்டரிடம் உருட்டிக்கொண்டு போனோம். வழியில் காவலரணில் ஆமிக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஜிம்மி அவர்களைப் பார்த்து வாலை ஆட்டியது. வெட்கங்கெட்ட நாய்.

டொக்டர் இளம் ஆள். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன குடுக்கிறனீங்கள்?" என்று கேட்டார். பூரணம் பெருமையாகச் சொன்னாள்.

"அதுதான் பிழை, அம்மா. உடம்பு முன்னுக்கு ஓடுது, எலும்பு பின்னுக்கு நிக்குது. பெரிய சாதிக் குட்டியள் மெதுவா வளர வேணும். கை வைச்சால் விலா எலும்பு தட்டுப்பட வேணும். குளிசையை நிப்பாட்டுங்கோ. சோத்தைப் பாதியாக்கி, அதையும் மூண்டு நேரமாப் பிரிச்சுக் குடுங்கோ. இப்பிடியே விட்டால் நடக்க ஏலாமல் போயிடும்."

"பாதியோ?"

"ஓம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்செல்லோ."

பூரணம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "அப்ப மிச்சப் பாதியை என்ன செய்யிறது?"

டொக்டருக்கு விளங்கவில்லை. "அவ்வளவுக்குச் சமைக்காமல் விடுங்கோ" என்றார்.

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைப் போய்ப் பிடித்தேன்.

மறுநாளும் மூன்று சுண்டுதான் உலையில் விழுந்தது. ஆனால் ஜிம்மிக்கு அவனுடைய பங்கில் பாதியைத்தான் எடுத்து வைத்தாள். அதிலும் ஒரு பிடிதான் அந்த நேரத்துக்கு. அது கோப்பையை நக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து அழுதது. "போதுமடா ராசா, உனக்குக் கால் வேணுமெல்லே" என்று தலையைத் தடவினாள். பிறகு மற்றப் பாதியை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொல்லைப் பக்கம் கொண்டுபோனாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குசினி வாசலால் பார்த்தால், இலையைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்கிறாள். காகத்தைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

இத்தனை மாதமாக நான் கேட்டது இதைத்தானே? மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

கூப்பிடாமலே முருங்கையிலிருந்து ஒரு காகம் இறங்கியது. கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு தலையைச் சரித்துச் சோற்றைப் பார்த்தது. சோற்றுக் கையோடு பாய்ந்துபோய்க் கல்லைப் பொறுக்கி எறிந்தேன்.

"போ! தொடாதை! என்ரை பிள்ளை சாகேல்லை! போ!"

காகம் பறந்துவிட்டது. பூரணம் கூப்பிய கையை இறக்காமலே திரும்பினாள்.

"அப்ப நீங்களும் அவன் வருவானெண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"ஓம்" என்றேன்.