குலவை விழாத முகூர்த்தம்

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானக் கஞ்சி குடித்து முடிந்ததும், ஆலங்கரைப்பட்டிப் பெண்கள் மாயக்காளின் மாட்டுக்கொட்டத்தில் கூடுவார்கள். மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். மாயக்காள் சாணி அள்ளி, தரையைக் கூட்டி, சாக்கு விரித்து வைத்திருப்பாள். தல்லாகுளத்திலிருந்து ஆனிமேரி என்கிற வாத்தியாரம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்து தையல் சொல்லிக்கொடுப்பாள். அந்த அம்மாள் வைத்த பேர் மாதர் சங்கம். ஊர் ஆம்பளைகளுக்கு அது தையல் கூட்டம். ஊசி பிடிக்கிற மட்டும் போய்வரலாம், வேறு பேச்சு கூடாது என்று பெரிய மனசு பண்ணி உத்தரவு கொடுத்திருந்தார்கள்.

தை மாதக் கூட்டத்தில் வாத்தியாரம்மா தையலோடு ஒரு சேதியும் சொன்னாள். வருகிற பங்குனிப் பாதியிலிருந்து, பதினாலு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் குற்றம் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் சட்டம் போட்டுவிட்டதாம். செய்துவைத்தவர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதானாம். அதைக் கேட்ட ஒச்சாயிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவள் மகள் செல்லத்தாய்க்குப் பதினோரு வயது. இன்னும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புளியமரத்தில் ஏறுகிற பிள்ளை.

அந்தப் பிள்ளையைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தவன் வேறு யாருமில்லை, ஒச்சாயியின் கூடப்பிறந்த தம்பி கருத்தக்கண்ணன்தான். தாய்மாமன் உரிமை. முப்பது வயது, மனைவியைப் பறிகொடுத்தவன். அந்த மனைவி தங்கப்பொண்ணு, பன்னிரண்டு வயதில் தாலி கட்டிக்கொண்டு, பதினாலு வயதில் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. கடைசி நேரத்தில் தங்கப்பொண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் ஒச்சாயி. அம்மா எங்கே, அம்மாவிடம் போகணும் என்று அந்தப் பிள்ளை முனகியது இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. தங்கப்பொண்ணின் தாய் சீனியம்மாளும் இதே கூட்டத்துக்கு வருகிறவள்தான். ஓரமாக உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் தைத்துவிட்டுப் போவாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒச்சாயி ஒரு காரியம் செய்தாள். அவளை மாதிரி வெள்ளை மனசுக்காரி எவளும் அதைத்தான் செய்திருப்பாள். புருசன் விருமாண்டிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே, சட்டம் வரப்போகிற சேதியைச் சந்தோசமாகச் சொன்னாள். இனி மூணு வருசத்துக்கு நம் பிள்ளையை யாரும் கேட்க முடியாது என்றாள். விருமாண்டி கஞ்சியைக் குடித்து, கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே மச்சினன் வீட்டுக்குப் போனான்.

மறுநாளே கருத்தக்கண்ணன் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றான். சட்டம் வருவதற்குள் இரண்டு பேர் நட்சத்திரத்துக்கும் பொருந்திய முகூர்த்தம் ஒன்றுதான், பங்குனி பிறந்ததும். அதையே குறித்துவிட்டார்கள். ஒச்சாயி தம்பியின் காலைப் பிடித்தாள். "எல்லாம் ஒன் நல்லதுக்குத்தேன்க்கா, பிள்ள வெளிய போகாம வீட்டோட இருக்கும்ல" என்று அவன் காலை இழுத்துக்கொண்டான். புருசனிடம் அழுதாள். உரிமைக்காரனை மறுத்துவிட்டு ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா என்று அவன் கேட்டான். கேள்வி அதோடு முடிந்தது. தடுக்க வந்த சட்டத்தைத் தன் வாயாலேயே கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற சட்டமாக ஆக்கிவிட்டோமே என்று அவள் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாசி மாதக் கூட்டத்தில் ஒச்சாயி ஊசியைத் தொடவில்லை. நடந்ததைச் சொல்லி, வாத்தியாரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்னால் நடப்பதைக் கோர்ட்டும் கேட்காது, போலீஸ் கச்சேரியும் கேட்காது என்று அந்த அம்மாள் தலைகுனிந்தபடி சொன்னாள். ஒச்சாயி மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். தாலி ஏறையில குலவ மட்டும் போடாம இருங்க. குலவ இல்லாம நம்மூர்ல எந்தக் கல்யாணம் நடந்திருக்கு?"

இப்போதெல்லாம் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் நாக்கைச் சுழற்றி முதல் குலவையை எடுத்துக் கொடுக்கிறவள் மாயக்காள். அவள்தான் பதில் சொன்னாள்.

"நாங்க வாய மூடிக்கிட்டா அப்பறம் எங்கள வீட்ட விட்டு வெளிய விடுவாகளா? இந்தச் சங்கமும் இருக்காது. ஒன் ஒருத்திக்காக எல்லாரும் அடி வாங்கவா ஒச்சாயி?"

யாரும் மறுக்கவில்லை. சீனியம்மாள் வழக்கம் போல் தைத்துக்கொண்டே இருந்தாள். ஒச்சாயி எழுந்து வீட்டுக்கு வந்து, எதுவும் தெரியாமல் புதுப் பாவாடையை எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்த மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனி அவளுக்குப் போய்க் கேட்க எந்த வாசலும் இல்லை.

பங்குனி பிறந்தது. முகூர்த்தத்தன்று விடியற்காலையில் எழுப்பிக் குளிப்பாட்டியதில், செல்லத்தாய் மணவறையில் உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி விழுந்தாள். கழுத்து மாலையின் பாரம் தாங்காமல் இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒச்சாயி தூணோடு தூணாக நின்றாள். கருத்தக்கண்ணன் தாலியைக் கையில் எடுத்தான். கெட்டிமேளம் முழங்கியது. மாயக்காள் வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் எழுந்தது. குலவை இல்லை. பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து சீனியம்மாள் தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்தாள். "ஏ ஆத்தா தங்கப்பொண்ணு, ஒன் மணவறையில இன்னொரு பச்சப்புள்ள வந்து ஒக்காந்திருக்கே ஆத்தா" என்று எழவு வீட்டில் அழுவதைப் போலவே அழுதாள். மேளம் நின்றுவிட்டது. செல்லத்தாய் பயந்து விழித்துக்கொண்டு, மாலையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாயிடம் ஓடினாள்.

ஊர்ப் பெரியவர்கள் குலவை போடச் சொல்லிப் பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். மாயக்காள் வாயைத் திறந்தாள், குலவை வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செத்தவள் பேர் விழுந்த மணவறையில் தாலி கட்ட எவனுக்குத் துணிச்சல் வரும்? கருத்தக்கண்ணன் முகம் வெளிறிப்போய்த் தாலியைத் தட்டில் போட்டுவிட்டு இறங்கிப்போனான்.

அதற்காக எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கே ஒச்சாயிக்கு அடி விழுந்தது. கொட்டத்தில் இனிமேல் கூட்டம் கூடக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. சீனியம்மாள் வீட்டோடு யாரும் நல்லது கெட்டது வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் தீர்மானித்தார்கள். ஆனால் பங்குனிப் பாதி கடந்தது, சட்டமும் வந்தது, செல்லத்தாய் கழுத்து வெறுங்கழுத்தாகவே இருந்தது.

கண்மாய்க் கரையில் தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஒச்சாயி, ஊரார் கண் பட்டாலும் படட்டும் என்று, சீனியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் மாயக்காளும் மற்றப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். அதைக் கூட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

"பேசி முடிக்கிறது ஆம்பளைக, தாலி கட்டுறது ஆம்பள. ஆனா அதக் கல்யாணம்னு ஊருக்குச் சொல்றது நம்ம வாயி. தப்புன்னு தெரிஞ்சதுக்கு நாம வாழ்த்துப் பாடுற வரைக்கும் எந்தச் சட்டம் வந்தும் நம்ம புள்ளகளக் காப்பாத்தாது" என்றாள் சீனியம்மாள். பிறகு குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எம் மகளுக்குத் தாலி ஏறையில மொதக் குலவ போட்டவ நாந்தேன்."