துபாயில் முதல் நாள்

ஸ்ரீஸ்கந்தராஜாவும் நவமணியும் கல்யாணம் செய்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு நாற்பத்தாறு; தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். கடலுக்கு இக்கரையில், பாகான் டாலாமில் அவருடைய வீட்டில் குடியிருந்தார்கள்.

1996 தீபாவளிக்கு அவளுக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. எங்காவது தூரமாக அவளைக் கூட்டிப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. யாரோ கொடுத்த விளம்பரத் தாளில் துபாயின் படம் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் வெறும் மணல். அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். கோடு போட்ட நோட்டில் ஐந்து நாளுக்கும் திட்டம் எழுதினார். காலை அருங்காட்சியகம், மத்தியானம் நகைக்கடைத் தெரு, பொழுது சாய்கையில் பாலைவனத்தில் ஜீப் சவாரி.

"நீர் ஒண்டும் சொல்லேல்லையே. பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மனைவியை 'நீர்' என்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். ஆரம்பத்தில் அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

"பிடிச்சிருக்கு லா. நீங்க போடுறபடி போடுங்க."

தொழிற்சாலையில் நாற்பது பெண்களை விரட்டி வேலை வாங்குகிறவள், இந்த நோட்டுக்கு மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அது அவருக்கு உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை டிக்கெட் பதிவு செய்ய ஃபெரிக் கப்பலில் தீவுக்கு, சூலியா தெருவுக்குப் போனார்கள். டிராவல் ஏஜென்ட் அப்துல் அஜீஸ் விசா படிவத்தை நிரப்பிக்கொண்டே, "அங்க தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா அக்கா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் நவமணி. பிறகு மெதுவாக, "இருந்தாரு," என்றாள்.

வீடு திரும்பும் ஃபெரியின் மேல்தட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டார். "ஆர் இருந்தது?"

"ராமசாமி."

அது அவளுடைய முதல் கணவரின் பெயர். முப்பத்துநாலு வயதில், வெளிநாட்டில் வேலை செய்த இடத்தில் நெஞ்சுவலியில் இறந்தவர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எந்த நாடு என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"எண்பத்தொண்ணுல துறைமுகத்துல கிரேன் ஓட்டப் போனாரு. ஏழே மாசம். கூட வேலை செஞ்சவங்களே அங்கேயே எரிச்சிட்டாங்க. எனக்குப் பெட்டி மட்டும்தான் வந்துச்சு." அவள் கடலைப் பார்த்தபடி பேசினாள். "ஊரு நடுவுல கடல்கழி ஒண்ணு இருக்காம். சாயங்காலமானா ஒரு குட்டிப் படகுல அந்தக் கரைக்குப் போய் டீ குடிப்பாராம். நம்ம ஃபெரியில ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி இருக்கும், உன்னை ஒரு தடவை அதுல ஏத்தணும்னு எழுதுவாரு."

"ஏன் முதலே சொல்லேல்ல?"

"என்னன்னு சொல்றது? ஆசை ஆசையா படத்தைக் காட்டுனீங்க. வேணாம்னா ஏன்னு கேப்பீங்க. சரின்னா, அவருக்காகத்தான் வர்றேன்னு நினைப்பீங்க."

"அவருக்காகத்தானோ?" கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது.

அவள் பொய் சொல்லவில்லை. "பாதி அப்படித்தாங்க."

நாலு நாள் அவர் நோட்டைத் தொடவில்லை. தானே கண்டுபிடித்த ஊர் என்று நினைத்திருந்தார். அவருக்கு முன்பே இன்னொருவர் அவளை அங்கே வரச் சொல்லியிருக்கிறார். ஹாங்காங் போகலாமா என்றுகூட யோசித்தார்.

புதன்கிழமை மத்தியானம், முன்னறையில் இருந்த செல்வநாயகியின் படம் கண்ணில் பட்டது. அவருடைய முதல் மனைவி; இறந்து ஏழு வருஷம். போன வருஷம் அவள் திதியன்று யாரும் சொல்லாமலே நவமணி விடியலில் எழுந்து, செல்வநாயகிக்கு என்ன பிடிக்கும் என்று அவருடைய தங்கையிடம் போனில் விசாரித்து, பால் புக்கை என்கிற பால்பொங்கல் செய்து படைத்தாள். அந்த மனுஷியிடமா நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. முப்பத்துநாலு வயதில் செத்துப்போன ராமசாமியோடு என்ன போட்டி?

நோட்டை எடுத்தார்.

தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளிடம், காலணி கழற்றுவதற்குள் நீட்டினார். முதல் நாள் திட்டம் முழுவதும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. 'மாலை: படகு. நவமணி மட்டும்' என்று மேலே எழுதியிருந்தது.

"நீர் போய் வாரும். நான் இந்தக் கரையில நிண்டு பாக்கிறன்."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து 'மட்டும்' என்பதை அடித்தாள்.

"பாஷை தெரியாத ஊருல என்னைத் தனியா விட்டுடுவீங்களா? நீங்களும் வாங்க."

"அவர் ஒண்டும் நினைக்கமாட்டாரோ?"

"மாட்டாரு. யாரு வந்தாலும் இழுத்து வச்சி டீ வாங்கிக் கொடுக்கிற ஆளு."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பேனாவை வைக்கவில்லை. மீதி நாட்களையும் பார்த்தாள். லைன் லீடர் குரல் வந்துவிட்டது. "மியூசியம் எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதும். ஒட்டகத்துல நான் ஏற மாட்டேன். நீங்க ஏறுங்க, நான் படம் புடிக்கிறேன்."

"நான் விழுந்தால்?"

"அதையும் புடிப்பேன்." பக்கத்தைத் திருப்பியவள் நிறுத்தினாள். "செல்வநாயகி அக்காவுக்கு எந்த ஊரு பாக்க ஆசை?"

"அவவுக்கோ?" அவர் யோசித்தார். "ஒருக்கா லங்காவிக்குக் கூட்டிக்கொண்டு போனனான். ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லையெண்டு இரண்டாம் நாளே திரும்பிவரப் பண்ணிப்போட்டா."

நவமணி வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். செல்வநாயகியை நினைத்து அவர் சிரித்து ஏழு வருஷமாகியிருந்தது.