ஒத்திகையில் இல்லாத காடு

கல்லூரி ஆளை அனுப்பும், பள்ளி வகுப்பைக் கொடுக்கும், பல்கலைக்கழகம் கடைசியில் வந்து மதிப்பெண் போடும். பி.எட். படிப்பவர்களுக்கு இதுதான் ஏற்பாடு. பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து இசைப்பிரியாவும் அப்படித்தான் நெய்வேலி நகரியத்துப் பள்ளிக்கு வந்தாள். அங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் அவள் 'டிரெய்னி'. இன்று தேர்வாளர் வருகிறார். இந்த ஒரு வகுப்பில் தேறாவிட்டால் அவள் ஆசிரியை ஆக முடியாது.

பயம் யாரை விட்டது? பழுப்பு நிலக்கரிப் பாடத்தை எட்டாம் வகுப்பில் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டாள். அரைத்த மாவையே அரைத்தும் பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை, மனப்பாடமே ஆகிவிட்டது. வினை அங்கேதான்.

தேர்வாளர் பரமசிவம் கடைசி பெஞ்சில், வழிகாட்டி ஆசிரியை உமாராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிலக்கரி எதுலேர்ந்து..." என்று இசைப்பிரியா தொடங்குவதற்குள் வகுப்பே, "மரத்துலேர்ந்து மிஸ்" என்றது. அடுத்து அவள் மூச்சை இழுக்கும்போதே மணிமொழி எழுந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள். "அதுக்கு அடுத்ததையும் சொல்லிடட்டுங்களா மிஸ்?"

தேர்வாளர் பேனாவை மூடினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பாடமோ முடிந்துவிட்டது, மணியோ அடிக்கவில்லை. இசைப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே வேப்பமரம் அசைந்துகொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, "எல்லாரும் கண்ண மூடிக்கோங்க" என்றாள். இது ஒத்திகையில் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள்.

"இப்ப நீங்கதான் மரம். காத்து அடிக்குது. காலுல தண்ணி ஏறுது. இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. இப்ப தலைக்கு மேல. அதுக்கும் மேல மண்ணு விழுந்துகினே இருக்கு. எத்தினியோ காலம். உங்கள யாரும் தேடல. என்ன கேக்குது?"

மின்விசிறி மெல்லச் சுற்றியது. வேப்பிலை வெளிச்சம் பெஞ்சுகளின் மேல் தண்ணீராக அலைந்தது.

"ஒண்ணும் கேக்கல மிஸ்." மணிமொழி தூக்கத்தில் பேசுவதுபோல் சொன்னாள். "ரொம்ப காலம் கழிச்சு மேல மிஷின் சத்தம் கேக்குது. எங்கப்பா ஷிப்டுக்கு வந்துட்டாரு."

இந்தப் பதிலை இசைப்பிரியா சொல்லித் தரவில்லை.

"கண்ணத் தொறங்க."

எல்லோரும் திறந்தார்கள், கடைசி பெஞ்சில் ஒருவரைத் தவிர. தூங்கிவிட்டாரோ என்று பதறி உமாராணி அவர் தோளைத் தொடப் போனார். இசைப்பிரியா கையமர்த்திவிட்டு அருகே போனாள். பயம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"சார், போதுங்க. கண்ணத் தொறக்கலாம்."

"இருங்க டீச்சர்" என்றார் பரமசிவம், மூடிய கண்ணோடு. "என்னை இன்னும் வெட்டி எடுக்கலை."